பதினேழாம் பூங்காவின் ஏரி

“உனக்கு நீந்தத் தெரியுமா?”

பூங்கா வகைப்பாட்டு வாரியத்தின் முதன்மை அதிகாரி சேந்தனார் தாழையிடம் இப்படிக் கேட்டபோது அவள் புழுதியில் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் காய்ந்த புங்க இலைகள் கிடந்தன. எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. தாழ்ந்த கிளையில் கட்டிய தூளியில் அவளுடைய ஏழு மாத மகள் உறங்கினாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர் என்று சொல்லத்தக்கது, தாழையின் கையிலிருந்த செம்பில் பாதி அளவுக்கு மட்டும்தான் இருந்தது.

தாழை பதில் சொல்லவில்லை. வேற்று மனிதர் எதிரில் அவளுக்கு வாய் வராது. சேந்தனார் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ‘தெரியாது’ என்று எழுதிக்கொண்டார். அவளுடைய கைகள் முழங்கை வரை நீலம் பாரித்து ஈரமாக இருந்ததைக் கவனித்து, ‘இவ்விடத்தில் நீர் இருப்பதற்குச் சான்று கண்டேன்’ என்று இன்னொரு வரியும் சேர்த்தார். பட்டறையின் அவுரிச் சாயத் தொட்டியிலிருந்து குழந்தைக்குப் பால் கொடுக்க ஓடி வந்தவள் அவள். கை ஈரமாகத்தான் இருக்கும்.

இது தண்டலை நாட்டில் நடந்தது. அந்த நாட்டை எந்தத் திசையில் தேடுவது என்று கேட்பவர்களுக்குச் சில அடையாளங்கள் சொல்லலாம். அங்கேயும் வெயில் கொளுத்தும். அங்கேயும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வரிசையில் நின்று ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவரை நாட்டுநாயகர் என்று அழைப்பார்கள். பிறகு அவரைப் பார்ப்பதற்காக மறுபடியும் வரிசையில் நிற்பார்கள். இதற்கு மேல் அடையாளம் தேவைப்படாது.

அதன் தலைநகரில் நாற்பத்தொரு பொதுத் தோப்புகள் இருந்தன. வேலி கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஒன்றில் மல்யுத்தம் பழகினார்கள். ஒன்றில் மாடு விற்றார்கள். இன்னொன்றில், வீட்டில் சண்டை போட்டவர்கள் கோபம் ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்கள். எந்தத் தோப்பு எதற்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால் யாருக்கும் மறக்கவும் இல்லை.

பதினேழாவது தோப்பு சாயக்காரத் தெருவின் பின்புறம் இருந்தது. பட்டறைகளில் காலையிலிருந்து மாலைவரை தொட்டிகள் கொதிக்கும். அந்த ஆவியில் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். வீடுகளோ தகரக் கூரை போட்டவை. பகலில் உள்ளே குழந்தையைக் கிடத்தினால் கொப்புளம் போட்டுவிடும். அதனால் அந்தத் தெருப் பெண்கள் பிள்ளைகளைத் தோப்பில் தூளி கட்டித் தூங்க வைத்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு கிளை உண்டு. புதிதாக வாழ வந்த பெண்ணுக்கு முதலில் அவளுடைய கிளையைக் காட்டிவிட்டுத்தான் அடுப்படியைக் காட்டுவார்கள். ஆறு தூளிகளின் கயிறுகளை ஒன்றாக முடிந்து, ஒருத்தி உட்கார்ந்த இடத்திலிருந்து இழுத்து ஆட்டுவாள். மற்றவர்கள் வேலைக்குப் போவார்கள். மறுநாள் வேறொருத்தியின் முறை. இப்படி இருபத்திரண்டு தூளிகள் ஆடிக்கொண்டிருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த தேர்தலில் நாட்டுநாயகர் ஒரு வாக்குறுதி தந்திருந்தார். பொதுநிலத்தில் ஒரு கைப்பிடி மண்கூட வகையில்லாமல் கிடக்கக் கூடாது. அத்தனையும் வகைப்படுத்தி, வரைபடத்தில் ஏற்றி, வண்ணம் தீட்டப்படும். இதனால் மக்களுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எதையோ ஒழுங்குபடுத்துகிறார்கள் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வாரியம் அமைந்தது; தோப்புகளுக்குப் பூங்கா என்று பெயர் மாற்றியது. நடக்கும் பூங்காவுக்குப் பச்சை, உட்காரும் பூங்காவுக்கு மஞ்சள், பார்வைக்கு மட்டுமான பூங்காவுக்குச் சிவப்பு, நீர்நிலைக்கு நீலம். பச்சைப் பூங்காவில் உட்கார்ந்தவர்களையும் மஞ்சள் பூங்காவில் நடந்தவர்களையும் காவலர்கள் பிடித்தார்கள். மஞ்சள் பூங்காவில் நடக்காமல் எப்படிப் போய் உட்காருவது என்று ஒரு கிழவர் கேட்டாராம். அவருடைய மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

வாரியம் படம் வரைந்த முறையையும் சொல்ல வேண்டும். அந்த நாட்டு நில அளவையாளர்கள் எல்லையை மட்டும் சங்கிலி போட்டு அளப்பார்கள். எல்லைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பழைய படத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பழைய படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, கண்ணாடிச் சன்னலில் வைத்து, அடியில் தெரிவதை அப்படியே மேலே எடுப்பது எழுத்தர்களின் வேலை. அடியில் இருப்பது என்னவென்று கேட்பவன் நல்ல எழுத்தன் அல்லன். ஒரு எழுத்தர், பழைய தாளில் நசுங்கிச் செத்திருந்த கொசுவையும் ஆறு கால்களோடு வரைந்ததற்காகப் பதவி உயர்வு பெற்றார்.

மூன்று படங்களுக்கு முன்னால், யாரோ ஒரு அதிகாரி பதினேழாம் தோப்பின் மேல் சுக்குக் கஷாயக் குவளையை வைத்திருந்தார். வட்டமாகக் கறை படிந்தது. அடுத்த எழுத்தர் அந்த வட்டத்தைக் கோடாக எடுத்தார். அதற்கடுத்தவர், வட்டமான கோடு என்றால் நீர்நிலை என்று உள்ளே நீலம் பூசினார். மூன்றாமவர், நீலத்துக்கு ஆழம் குறிக்காமல் விடுவது முறையல்ல என்று ‘இரண்டு ஆள் உயரம்’ என்று எழுதினார். புதிய படம் வெளிவந்த அன்று பதினேழாம் பூங்கா ஏரியாகிவிட்டது.

மறுவாரம் தோப்பில் ஒரு பலகை நட்டார்கள். ‘எச்சரிக்கை. ஆழம் இரண்டு ஆள் உயரம். நீச்சல் அறியாதோர் இறங்குவது குற்றம்.’ அதில் ஒரு ஆடு முதுகைத் தேய்த்துக்கொண்டது.

அப்போதுதான் சேந்தனார் வந்து ஒவ்வொரு பெண்ணிடமும் நீந்தத் தெரியுமா என்று கேட்டுக் கணக்கெடுத்தார். தாழைக்கு அடுத்தது பொற்கிளியின் முறை. பட்டறையில் இருபது வருஷம் சாயம் கலக்கியவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும்.

“ஐயா, இந்தப் பலகையை எதுல நட்டிருக்கீங்க?” என்றாள்.

“நிலத்தில்.”

“எந்த நிலத்துல?”

“ஏரிக்குள் அடங்கிய நிலத்தில்.”

“அப்ப தண்ணி எங்க?”

சேந்தனார் கோபப்படவில்லை. அவர் கோபப்படாத அதிகாரி என்று பெயர் வாங்கியவர். “அம்மா, தண்ணீர் வருவதும் போவதும் நீர்வரத்துத் துறையின் பொறுப்பு. எங்கள் வாரியம் வகைப்படுத்துவதோடு சரி. படமும் நிலமும் மாறுபட்டால் பிழை நிலத்துடையது என்பது எங்கள் விதிகளில் முதலாவது.”

“சரிங்க. நிலத்துக்கு அபராதம் போடுங்க. எங்களை விடுங்க.”

“அதற்கு வழியில்லை. ஆனால் நீச்சல் தேர்வில் வென்றால் அனுமதி வில்லை தருவோம். வில்லை உள்ளவர் தடையின்றி இறங்கலாம்.”

தேர்வு அடுத்த நாளே நடந்தது. கிழக்கே இருந்த வேம்பிலிருந்து மேற்கே இருந்த இலுப்பை வரை, தரையில் குப்புறப் படுத்துக் கைகால் அடித்துப் போக வேண்டும். கரையில் நாற்காலி போட்டு வாரியத்தார் உட்கார்ந்திருந்தார்கள்.

“முக்குளிச்சும் காட்டணுமா ஐயா?” என்றாள் பொற்கிளி.

“அது மேல்நிலைத் தேர்வு” என்றார் சேந்தனார்.

சிலர் சிரித்தார்கள். பிறகு, தூளி கட்ட வேறு இடம் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. ஒவ்வொருத்தியாகப் படுத்தார்கள். தாழைக்கு மார்பில் பால் கட்டியிருந்தது. தரையில் அழுந்தியபோது வலியில் உயிர் போயிற்று. முழங்கைத் தோல் உரிந்தது. பாதி வழியில் மகள் பசித்து அழுவது கேட்டது. அவள் இன்னும் வேகமாக நீந்தினாள். இலுப்பையைத் தொட்டு எழுந்து வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள். அவள் கையில் ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் சேந்தனார் தம் அறிக்கையைத் தோப்பில் கூடியிருந்தவர்களுக்குப் படித்துக் காட்டினார். “இருபத்திரண்டு பெண்கள் இன்று இந்த ஏரியை நீந்திக் கடந்தார்கள். எனவே ஏரி இருப்பது ஐயமற உறுதியாகிறது.” புழுதியில் அவர்கள் உடம்பு இழுபட்ட தடங்களை அலைகள் என்று படத்திலும் ஏற்றிவிட்டார்.

தாழை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

இரண்டாவது ஆணை ஆடி மாதம் வந்தது. ஏரியின் மேல் உள்ள பொருள்கள் அனைத்தும் படகுகள் என்று கொள்ளப்படும். படகுகள் மரத்தால் ஆனவையாகவும் துடுப்பு உடையவையாகவும் இருக்க வேண்டும். தூளிகளைச் சோதிக்கச் சேந்தனாரே வந்தார்.

“ஐயா, இது மிதக்கல. தொங்குது” என்று ஒருத்தி கெஞ்சினாள்.

“நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, இல்லையா?”

“எந்த நீர் மட்டத்துக்கு ஐயா?”

“இருக்கிறது என்று எழுதிக்கொள்” என்றார் அவர், உடன் வந்த எழுத்தரிடம்.

சேலைத் துணிக்கு அடியில் பலகை வைத்துக் கட்டினார்கள். பக்கத்துக்கு ஒன்றாகத் துடுப்புக் கட்டையும் சொருகினார்கள். குழந்தைகள் தூங்க மறுத்தன. காற்றில் தூளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நான்காம் நாள் ஒரு துடுப்பு தாழையின் மகள் நெற்றியில் இடித்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. குழந்தை வீறிட்டு அழுது, பிறகு அழவும் தெம்பில்லாமல் தாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. தாழை வீக்கத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். விபத்துக்கு வாரியம் வருத்தம் தெரிவித்தது; படகுகள் இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும் என்று புதிதாக ஒரு பலகை வைத்தது.

மூன்றாவது ஆணை வந்தபோது மறு தேர்தலுக்கு ஆறு மாதம்தான் இருந்தது. பதினேழாம் ஏரியில் நாட்டுநாயகர் படகுப் போக்குவரத்தைத் தொடங்கி வைப்பார். ஏரியின் நடுவே நிற்கும் மரங்கள் நீர்வழித் தடைகள் என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதால், தொடக்க விழா முடிந்ததும் வெட்டப்படும். வெட்டும் உரிமை யாருக்குக் கிடைத்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. தண்டலை நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

படகைச் செலுத்துவதற்குச் சாயக்காரத் தெருப் பெண்களையே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

“உங்களுக்குக் கயிறு இழுத்துப் பழக்கம் உண்டு” என்றார் சேந்தனார். “நீலப் புடவை வாரியமே தரும். நீங்கள் கயிற்றைப் பிடித்து முன்னே நடக்க வேண்டும். விழாக் குறிப்பில் உங்களை நீரோட்டம் என்று குறிப்பிட்டிருக்கிறோம்.”

“மரம் போயிட்டா பிள்ளைகளை எங்க போடறது?” என்றாள் பொற்கிளி.

“இழுப்பதில் குறை வராவிட்டால் இரண்டு மரங்களை விட்டுவைக்க நான் பரிந்துரைப்பேன்.”

மறுநாள் பட்டறையில் இதைப் பற்றித்தான் பேச்சு. பொற்கிளி தொட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னாள், “இழுத்துத் தொலைப்போம்டி. ரெண்டு மரமாவது மிஞ்சும்.”

“ரெண்டு மரத்துல இருபத்திரண்டு தூளி எப்படிக்கா கட்றது?” என்றாள் தாழை.

“மேல் மாடி, கீழ் மாடின்னு கட்டு.”

யாரோ சிரித்தார்கள். தாழை சிரிக்கவில்லை. துணியைத் தொட்டியில் முக்கி எடுத்தபடி, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்: “அன்னிக்கு நாம நீந்தினோம். அதனாலதான் அது ஏரி ஆச்சு. இப்ப இழுத்தோம்னா படகும் ஓடும்க்கா. அதுக்கப்புறம் நம்ம மரத்தை வெட்டறது நாமதான்.”

பொற்கிளி கிளறுவதை நிறுத்தினாள். “ஏன்டி, உனக்கு இவ்வளவு பேச வருமா?”

தாழைக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குள் ஒரு தொட்டி பொங்கி வழிய, எல்லோரும் அதைப் பார்க்க ஓடினார்கள். முடிவு என்று எதுவும் எடுக்கவில்லை.

விழா காலை பத்து மணிக்கு. தோப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்குக் கரை என்று பெயர் வைத்து, கூட்டத்தை அதற்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். தூளிகள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார்கள். குழந்தைகளைக் கரையோரம் துணிப்பந்தலின் கீழே பாயில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். வெயில் துணியைத் துளைத்து இறங்கியது. மரம் வெட்டும் ஆள்கள் கோடரிகளோடு ஒருபுறம் காத்திருந்தார்கள்.

நாட்டுநாயகர் வெள்ளை வேட்டியும் பட்டு அங்கவஸ்திரமுமாக வந்து பேசினார்.

“என் ஆட்சிக்கு முன்னால் இங்கே ஓர் ஏரி இருந்ததா?”

“இல்லை” என்றது கூட்டம்.

“இன்றைக்கு?”

“இருக்கிறது.”

“வேறென்ன வேண்டும் உங்களுக்கு?”

கூட்டம் கைதட்டியது. அவர் தேக்குப் படகில் ஏறி, மெத்தையில் உட்கார்ந்தார். மேளம் முழங்கியது. நீலப் புடவை கட்டிய இருபத்திரண்டு பேரும் கயிற்றை இழுத்தார்கள். படகு கரகரவென்று தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. நாட்டுநாயகர் விளிம்புக்கு வெளியே கையை நீட்டி, எதையோ அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். கூட்டத்தில் சிலர் கண்ணீர் விட்டதாக மறுநாள் அரசிதழ் எழுதியது.

தோப்பின் நடுவே, தன்னுடைய புங்க மரத்துக்கு நேரே வந்தபோது, தாழை கயிற்றை விட்டுவிட்டாள்.

அவள் கரைக்கு நடந்து போனாள். பந்தலுக்குக் கீழே வியர்த்து அழுதுகொண்டிருந்த மகளைத் தூக்கினாள். திரும்ப நடந்து வந்து, இடுப்பில் சுற்றி வைத்திருந்த பழைய தூளிச் சேலையை உருவித் தன் கிளையில் தூளி கட்டினாள். பலகை இல்லை, துடுப்பு இல்லை. குழந்தையைப் போட்டு ஆட்டத் தொடங்கினாள். ஒருத்தி குறைந்ததும் கயிறு கோணிக்கொண்டது, படகு நின்றது. மேளக்காரர்களும் அடிப்பதை நிறுத்தினார்கள்.

“நீரோட்டம் ஏன் நின்றுவிட்டது?” என்று நாட்டுநாயகர் படகிலிருந்து கேட்டார்.

சேந்தனார் கரையிலிருந்து குரல் கொடுத்தார். “அம்மா, ஏரியின் நடுவே நிற்பது குற்றம்.”

தாழை தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. குரல் மட்டும் நடுங்கியது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

“ஐயா, இங்க தண்ணி இல்ல.”

ஓராண்டு காலமாக அந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்த செய்திதான் அது.

பொற்கிளி கயிற்றைக் கீழே போட்டாள். “எனக்கும் கை வலிக்குது” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை எடுக்கப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இருபத்திரண்டு கிளைகளிலும் தூளி ஏறியது. ஒவ்வொருத்தியும் அவளவள் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

“நாட்டுநாயகரைக் கரை சேர்க்க வேண்டும்” என்றார் சேந்தனார். “வில்லை உள்ளவர்கள் நீங்கள் மட்டுமே.”

“நடந்து வரச் சொல்லுங்க ஐயா” என்றாள் பொற்கிளி.

“அது எப்படி. இரண்டு ஆள் ஆழம்.”

“அப்ப நீந்தி வரட்டும்.”

“அவரிடம் வில்லை இல்லை.”

“தேர்வு வைங்க. அந்த வேம்புலேருந்து இந்த இலுப்பை வரைக்கும்.”

கயிற்றுக்கு வெளியே யாரோ ஒருவர் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வேறொரு பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அதை யாரும் பொத்தவில்லை.

நேரம் போயிற்று. மரங்களின் நிழல் படகைவிட்டு நகர்ந்தது. தேக்கு சூடேறியது. நாட்டுநாயகர் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சேந்தனாரே, இந்த இடத்தில் ஆழம் எவ்வளவு?” என்று கேட்டார். சேந்தனார் படத்தை விரித்துப் பார்த்து, “ஐயா, படத்தின்படி அங்கேதான் அதிகம்” என்றார்.

மரம் வெட்ட வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்து, கோடரிகளைக் கீழே வைத்துவிட்டு இலுப்பை நிழலில் உட்கார்ந்தார்கள். ஒருவன் பொற்கிளியிடம் குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டான்.

சேந்தனார் கரைக் கயிற்றின் மேல் எட்டிய மட்டும் சாய்ந்து, தாழையிடம் தணிந்த குரலில் பேசினார். ஓராண்டில் முதல்முறையாக அவர் குரலில் ஒரு மனிதர் தெரிந்தார். “அம்மா, ஒரே ஒரு தடவை இழுத்துவிடுங்கள். மரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.”

“மரத்தை இப்ப பார்த்துக்கலாம் ஐயா” என்றாள் தாழை. இப்போது அவள் குரல் நடுங்கவில்லை. “படகைப் பிறகு பார்த்துக்கலாம்.”

“அவர் எத்தனை நேரம்தான் அங்கே உட்கார்ந்திருப்பார்?”

“அவர் இஷ்டம். நாங்க சாயங்காலம் வரைக்கும் இருப்போம். நாளைக்கும் வருவோம். எங்க பிள்ளைங்க இங்கதான் தூங்கும்.”

உச்சி வெயிலில் நாட்டுநாயகர் எழுந்தார். கூட்டம் முழுவதும் மூச்சடக்கிப் பார்த்தது. அவர் செருப்புகளைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டார். மறு கையால் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஒரு காலை வெளியே விட்டு, பெருவிரலால் தரையைத் தடவிப் பார்த்து, மெல்ல இறங்கினார். புழுதி எழுந்தது. ஆழம் பார்த்துப் பார்த்து அடி வைத்தார். ஓரிடத்தில் நுனிக்காலில் எம்பி நின்று தாடையை உயர்த்திக்கொண்டார். எறும்புச் சாரையை மிதித்துவிட்டு, காலை உதறினார்.

அவர் வழியில் தாழையின் தூளி ஆடிக்கொண்டிருந்தது. அவர் வருவதைப் பார்த்தும் அவள் அதை நிறுத்தவில்லை. அவர் நின்றார். தூளி அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து, தலையைக் குனிந்து கடந்தார்.

கரையில் சேந்தனார் துவாலையோடு நின்றார். நாட்டுநாயகர் அதை வாங்கி, இரண்டு கால்களையும் முழங்காலிலிருந்து பாதம்வரை நன்றாகத் துவட்டினார். புழுதி படிந்த துவாலையைத் திருப்பிக் கொடுத்தார். வேட்டியை இறக்கிவிட்டு, செருப்புகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார்.